சந்திராதித்தவல்

பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு அந்த வாசகம் பழக்கமானது. விற்பவர் சொத்தின் நான்கெல்லைகளையும் சொல்லி, தொகை கைக்கு வந்ததைச் சொல்லி, வில்லங்கம் ஏதுமில்லை என்று உறுதி கொடுத்த பிறகு, "இன்று முதல் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று முடிப்பார். சில பத்திரங்களில் இதற்கு முன்னால் "சந்திர சூரியர் உள்ளவரை" என்ற தொடரும் இருக்கும். குடியாத்தம் வட்டாரத்தில் பத்திர எழுத்தராக இருந்த என் தந்தையார், எழுதி முடித்த பத்திரத்தை இரு தரப்பாருக்கும் வாசித்துக் காட்டும்போது எல்லை விவரங்களை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். இந்த இடம் வந்ததும் குரல் சற்று உயர, மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகப் படித்து முடிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொற்களின் பொருள் விளங்கியிருக்காது. ஆனாலும் அந்த வரியைக் கேட்ட பிறகுதான் நிலம் கைமாறிவிட்டது என்ற நிம்மதி வாங்குபவரின் முகத்தில் வரும்.

அவர் வைத்துவிட்டுப் போன பழைய நகல்களின் தலைப்பில் "வடஆற்காடு ஜில்லா" என்று இருக்கிறது. அந்த மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து, எங்கள் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று. பிறகு வேலூர் மாவட்டமாயிற்று. 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ஒரே தாளில் மேலே இருந்த பெயர் ஒரு தலைமுறைக்குள் வழக்கொழிந்துவிட, கீழே இருந்த 'உள்ளவரை' மட்டும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. முடிவே இல்லாமல் தொடர வேண்டும் என்பதை ஒரு மொழி எப்படிச் சொல்கிறது, அப்படிச் சொன்ன சொல்லை எது காப்பாற்றுகிறது என்ற கேள்வி எனக்குள் வேர்விட்டது அந்த நகல்களைப் புரட்டும்போதுதான். அந்தக் கேள்வியோடு பத்திரங்களிலிருந்து பின்னோக்கிப் போனால் கோயில் சுவர்களில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே இந்தத் தொடரின் பழைய வடிவம் 'சந்திராதித்தவல்' என்பது. சந்திரனும் ஆதித்தனும் இருக்குமளவும் என்று பொருள். கல்தச்சரின் கையைப் பொறுத்துச் 'சந்திராதித்தவற்' என்றும் 'சந்த்ராதித்தவத்' என்றும் அது வடிவம் மாறும். விஜயநகரக் காலத்துக்கு வரும்போது 'ஆசந்திரார்க்கம்', 'சந்திராதித்தவரை' என்றாகி, அங்கிருந்து பத்திர எழுத்தர்களின் பேனாவுக்குள் இறங்கிவிட்டது. பத்திரத்துக்கே 'கிரய சாசனம்' என்றுதான் அன்று பெயர். கல்லில் இருந்த சாசனம் முத்திரைத்தாளுக்கு மாறியபோது தன் சொற்களையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் "கல்லும் காவேரியும் உள்ளவரை", "புல்லும் பூமியும் உள்ளவரை" என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மண்ணுக்கு ஆற்றைச் சாட்சி வைப்பது பொருந்தாது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகத்தான் கிடக்கிறது; 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது அந்தத் தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே மக்கள் பாலங்களில் திரண்டார்கள். அத்தகைய ஊரில் நிலவையும் ஞாயிற்றையும் நம்புவதுதான் முறை.

காட்பாடியிலிருந்து போகக்கூடிய தொலைவில், பொன்னை ஆற்றங்கரையில் திருவல்லம் இருக்கிறது. அந்த ஆற்றுக்கு நீவா நதி என்பது பழைய பெயர். அந்த ஊருக்குத் தீக்காலி வல்லம் என்பது பழைய பெயர். வாணர்கள் ஆண்ட பகுதி அது. வில்வநாதேசுவரர் கோயிலின் சுவர்களில் பல்லவர், வாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை நான் படிக்கத் தொடங்கியபோது என் கண் 'சந்திராதித்தவல்' என்ற சொல்லையே தேடிக்கொண்டிருந்தது. போகப் போகத்தான் ஒன்று பிடிபட்டது. அந்தச் சொல் எங்கும் தனியாக நிற்பதில்லை. அதற்கு முன்னாலோ பின்னாலோ ஓர் அளவு இருக்கும், ஒரு பொருள் இருக்கும், ஒரு பொறுப்பாளி இருப்பான். தொண்டை மண்டலத்து விளக்குக் கொடைகள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் வரும்: இன்னார் வைத்த நுந்தா விளக்கு ஒன்று, அதற்கு விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூறு, இவ்வாடு கைக்கொண்டவர்கள் நிசதம் உழக்கு நெய் சந்திராதித்தவல் அட்டக் கடவர். நிசதம் என்றால் நாள்தோறும். உழக்கு என்பது பழைய முகத்தலளவு. அட்டுதல் என்றால் ஊற்றுதல். அதாவது வானத்தில் இருக்கும் இரண்டு சுடர்களையும் ஓர் உழக்கு நெய்யையும் ஒரே வாக்கியத்துக்குள் கட்டிவிட்டார்கள்.

சாவா மூவாப் பேராடு என்ற தொடரில் நான் நெடுநாள் நின்றுவிட்டேன். சாகாத, மூப்படையாத ஆடு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்காக ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளை விடுகிறார். மன்றாடிகள் என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் இடையர்கள் அவற்றைப் பொறுப்பேற்று மேய்க்கிறார்கள். ஆடுகள் கோயிலுக்குள் நிற்பதில்லை, நெய் மட்டும் வருகிறது. ஒவ்வொரு ஆடும் சில ஆண்டுகளில் கிழடாகிவிடும், செத்தும் போகும். ஆனால் கொடுத்த ஆடு 90 என்றால், எந்த நாளில் வந்து எண்ணினாலும் 90 நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 'ஆடு செத்துவிட்டது, அதனால் நெய் குறைந்தது' என்று மேய்ப்பவர் சொல்ல முடியாது. சாவும் மூப்பும் மந்தைக்கு உள்ளே நடந்து மந்தைக்கு உள்ளேயே ஈடாகிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இரண்டு ஆடு ஒரு பசுவுக்கும், மூன்று பசு ஓர் எருமைக்கும் சமம் என்று கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூறு என்ற எண்ணை நான் நாழிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு ஓர் உழக்கு என்றால், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொண்டால், 360 உழக்கு, அதாவது 90 நாழி. ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய் என்ற விகிதத்தில் மந்தையின் அளவும் நெய்யின் அளவும் சரியாக வந்து பொருந்துகின்றன. இது என் கணக்குத்தான், கல்லில் எழுதியிருப்பதன்று. ஆயினும் அந்தப் பொருத்தத்தைக் கண்டபோது, எண்ணை மனம்போன போக்கில் வைத்தவர்கள் இல்லை அவர்கள் என்று தோன்றியது. ஆறு ஆடு சேர்த்து 96 என்று வைத்த இடங்களில், ஈற்றுத் தவறுவதற்கும் நோய்க்கும் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

மேல்பாடிக்குப் போயிருந்தபோது பொன்னை ஆற்று மணலில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மேல்பாடி சிற்றூர்தான். ஆனால் ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் பள்ளிப்படைக் கோயில் எடுத்தது அங்கேதான். அரிஞ்சிகை ஈசுவரம் என்பது அதன் பெயர். இறந்த ஒருவரின் நினைவு முடிவின்றித் தொடர வேண்டும் என்று கட்டிய கோயிலின் எதிரே நின்றுகொண்டு, சாகாத ஆடு என்று ஒன்று உண்டா என்று நான் அவரிடம் கேட்டேன்.

"ஆடு சாவாம இருக்குமாம்மா?" என்றார் அவர். பிறகு, நான் கேட்க வந்தது வேறு என்று உணர்ந்தவரைப் போலக் கோலை ஊன்றி நின்றார். "பொட்டக் குட்டிய நாங்க வுட மாட்டோம்மா. கெடாவத்தான் விப்போம். ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு பாத்துக்கினே இருப்போம். பல்லு வுழுந்த ஆட்டக் கழிச்சிடுவோம். எங்கப்பன் காலத்துல எத்தினி இருந்துச்சோ, கூடக் கொறைய அத்தினிதான் இன்னிக்கும் கீது."

"அப்ப இருந்த ஆடு ஒண்ணுகூட இப்ப இல்லையே, தாத்தா?"

"ஆடு இல்ல. ஆனா அதே பட்டிதான்."

வாரத்துக்கு ஆடு விடுவதைப் பற்றியும் அவரே சொன்னார். ஆடு ஒருவருடையது, மேய்ப்பு மற்றொருவருடையது, குட்டி இருவருக்கும் பங்கு. முதலாக விட்ட பெட்டைகள் மட்டும் எண்ணிக்கை குறையாமல் திரும்பிக் கொடுக்கப்பட வேண்டும். கிடை போட்டால் நிலக்காரர் தரும் கூலி மேய்ப்பவருக்கு. நெய்யைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டார். செம்மறியில் யார் பால் கறக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. அன்றைய மன்றாடி அந்த உழக்கு நெய்யைத் தன் பசுவிலிருந்தே எடுத்திருக்கலாம், கிடா விற்ற பணத்தில் வாங்கியும் ஊற்றியிருக்கலாம். நெய் எந்தப் பாலில் இருந்து வந்தது என்பதைப் பற்றிக் கல்வெட்டு பேசுவதில்லை. அன்றன்றைய உழக்கு அன்றன்று வந்து சேர வேண்டும் என்பதில் மட்டும்தான் அதற்குக் கண். கிடா மேய்ப்பவருக்கு, பெட்டை மந்தைக்கு என்ற அந்த ஒரே ஒழுங்கில்தான் சாவாமை இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கியது. மேய்ப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாத ஏற்பாடாக இருந்திருந்தால் ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது.

ஆட்டையும் மாட்டையும் முதலாக வைப்பது இந்த மண்ணில் எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வட ஆற்காட்டில் செங்கம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் நடுகற்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல "தொறுக்கொண்ட ஞான்று தொறு மீட்டுப் பட்டான்" என்ற அளவில் முடிந்துவிடும் சிறிய வாசகங்களைக் கொண்டவை. தொறு என்றால் மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கற்கள், நுளம்பர் படை ஆமையூரில் தொறுக்கொண்டபோது மீட்கப் போராடி மாண்டவர்களுக்கு எடுத்தவை. கோயில் சுவரில் மந்தை சாகாதது. ஊர்ப்புறக் கல்லில் அந்த மந்தைக்காக மனிதன் செத்திருக்கிறான். இரண்டையும் ஒரே காலத்து மக்கள் வெட்டி வைத்தார்கள். சந்திராதித்தவல் என்று எழுதியவர்களுக்கு அழிவைப் பற்றித் தெரியாது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நாளைக்கே தொறு போய்விடலாம் என்று அறிந்த ஊரில்தான் அந்தச் சொல் எழுதப்பட்டது. ஆகவேதான் சில கல்வெட்டுகளில் ஆடு கைக்கொண்ட மன்றாடியின் பெயரோடு, அவனுக்குப் பிணை நின்ற மற்றவர்களின் பெயர்களும் வருகின்றன. அதற்கும் பிறகு 'பன்மாகேசுவர ரட்சை' வருகிறது: இதைக் காப்பது அடியார் கூட்டத்தின் பொறுப்பு. அதற்கும் பிறகு, இந்த அறத்தைக் காத்தவரின் பாதம் என் தலைமேல் என்ற வணக்கம் வருகிறது. கொடுத்தவர், இனிப் பிறக்கப்போகும் யாரோ ஒருவரின் காலில் முன்கூட்டியே விழுந்துவிடுகிறார். இதைவிட உருக்கமான வேண்டுகோளை நான் எந்த ஆவணத்திலும் படித்ததில்லை.

விளக்கின் பெயரும் பல வடிவங்களில் கிடைக்கிறது. நந்தா விளக்கு என்றால் கெடாத விளக்கு. நுந்தா விளக்கு என்றால் தூண்டிவிட வேண்டாத விளக்கு என்று கொள்ளலாம். நொந்தா விளக்கு என்றும் வெட்டியிருக்கிறார்கள். உண்மையில் தூண்ட வேண்டாத திரி என்று ஒன்று கிடையாது. நெய் ஊற்றுபவரும் திரி தூண்டுபவரும் தவறாமல் வருவதால் விளக்கு அந்தப் பெயரைப் பெறுகிறது.

இந்தச் சொற்களோடு பழகிய பிறகு, முடிவில்லாமையைக் குறிக்கும் மற்றச் சொற்கள் வேறு வேறு மனநிலைகளைச் சேர்ந்தவை என்று தெரியத் தொடங்கிற்று. எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்குத் தனிச்சொல்லே வேண்டியதில்லை, வினை விகுதி போதும். "பேசிக்கினே கீறான்", "போய்க்கினே இருக்குது", "நீட்டிக்கினே போறாங்க" என்னும்போது அந்த '-க்கினே' என்ற ஈறே முடிவற்ற தொடர்ச்சியைச் சுமக்கிறது. ஏட்டுத் தமிழில் அது 'கொண்டே'. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தாலும், கல்யாண வீட்டில் பந்தி முடியாமல் போனாலும், பேருந்து நிலையத்தில் சாலை வேலை ஓயாமல் நடந்தாலும் அந்த ஈறுதான். பெரும்பாலும் அதில் சலிப்பு இருக்கும். அனுமார் வால் போல நீள்கிறது என்பதிலும் அதே சலிப்புதான். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவுப் படக்கதை தலைமுறை தாண்டி வந்துகொண்டே இருந்ததால், 'கன்னித்தீவு மாதிரி' என்பதே முடியாத காரியத்துக்குப் பெயராகிவிட்டது. அதிலும் ஒரு சிரிப்பு கலந்த அலுப்பு இருக்கிறது. 'வாழையடி வாழையாக' என்பது வேறு. அது வாழ்த்தும்போது மட்டும் வாயில் வரும். தாய் மரம் குலை தள்ளிச் சாய்ந்த பிறகும் பக்கக் கன்று நிற்கும் என்ற அறிவு அதற்குள் இருப்பதால், சாவா மூவாப் பேராட்டுக்கு மிக அருகில் வருகிற பேச்சுவழக்கு அதுவே என்று நான் கருதுகிறேன்.

தருக்கம் படித்தவர்களுக்கோ முடிவின்றித் தொடர்வது ஒரு குற்றம். ஒன்றுக்குக் காரணம் கேட்டால் இன்னொன்றைச் சொல்லி, அதற்குக் காரணம் கேட்டால் மற்றொன்றைச் சொல்லி, நிற்க இடமின்றிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் வாதத்தை வடமொழியார் அனவஸ்தை என்பர். தமிழ்ச் சைவ சித்தாந்த உரைகள் அதை 'வரம்பின்றி ஓடல்' என்று சொல்லும். வரம்பின்றி ஓடினால் வாதம் தோற்றது. ஆனால் வித்தும் முளையும் போல வருவது குற்றமாகாது என்றும் அவர்களே விலக்குக் கொடுத்தார்கள். வித்திலிருந்து முளை, முளையிலிருந்து வித்து என்று அதுவும் பின்னோக்கி முடிவின்றித்தான் போகிறது. எனினும் அதைக் கண்ணால் பார்க்கிறோம், ஒவ்வொரு படியிலும் ஒன்று உண்மையாகவே விளைகிறது. அந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆட்டு மந்தையும் இந்த விலக்கின் கீழ்தான் வரும்.

கணிதத்தில் சொல் இன்னும் சுருங்கிவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தில் முடிவிலி என்றும், அதற்கு முந்திய தலைமுறையில் கந்தழி என்றும் படித்தோம். ஒன்றை ஏழால் வகுத்தால் 142857 என்ற ஆறு இலக்கங்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். மாணவர்கள் ஒருமுறை எழுதி அவற்றின் தலைமேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். முடிவுறாச் சுழல் தசம விரிவு என்பது அதன் பாடநூல் பெயர். அந்த இலக்கங்களை யாரும் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுதாவிட்டாலும் அவை தொடரும். கல்வெட்டின் முடிவில்லாமைக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஒருநாள் ஒருவர் வராவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆகவே சந்திராதித்தவல் என்பதை 'எல்லையற்ற காலம்' என்று பெயர்த்துவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. முடிவு தேதி குறிக்கப்படாத ஒரு வேலைக் கட்டளை என்பதே அதன் பொருளுக்கு நெருங்கி வரும்.

அந்த வேலை தடைப்பட்டும் இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலைப் பார்த்தவர்கள் அதன் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களை மறக்க மாட்டார்கள். 1566ஐ ஒட்டிய ஆண்டுகளில், சதாசிவராயர் காலத்தில், வேலூர் சின்ன பொம்மு நாயக்கரின் வேண்டுகோளின் பேரில் அந்தக் கோயிலுக்கு நிலக்கொடைகள் அளிக்கப்பட்டன. பின்னர் கோட்டை கைமாறிக் கைமாறிப் படைகளின் இருப்பிடமாயிற்று. கருவறை வெறுமையாகி, பல தலைமுறைகள் பூசை இல்லாமல் கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்து வழிபடப்பட்ட இலிங்கம் 1981 மார்ச்சில் மீண்டும் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுவந்து நிறுவப்பட்டது. அன்று முதல் அங்கே விளக்கு எரிகிறது. என் அம்மா அந்த ஆண்டு நடந்தவற்றைப் பற்றிப் பேசும்போது, ஊரே தெருவில் நின்றதைச் சொல்வாரே தவிர, இடையில் விட்டுப்போன ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வதையும் தொடர்ச்சியாகவே மக்கள் எண்ணுகிறார்கள். அது சரியென்றே நானும் நினைக்கிறேன்.

கல்லும் அப்படித்தான் தொடர்ந்திருக்கிறது. திருவல்லத்தில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, முன்பு இருந்த கல்வெட்டின் படி என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பழைய கட்டடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டியவர்கள், பிரிக்கும்முன் பழைய எழுத்தைப் படியெடுத்து வைத்திருந்து, புதிய சுவரில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். கல்மேல் எழுத்தும் நிலைக்காது என்று அறிந்து, அதற்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். படியெடுத்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை நான் மன்றாடிகளுக்கு இணையாக வைக்கிறேன். அதே கோயிலில் இராசராசனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஐப்பசி விசுவும் (இரவும் பகலும் சமமாகும் நாள்) இரேவதி நட்சத்திரமும் சந்திர கிரகணமும் கூடிய நாளைக் குறிக்கிறது. வானியல் முறையில் கணக்கிட்டு அது கி.பி. 991 செப்டம்பர் 26 என்று கண்டுபிடித்தார்கள். இராசராசன் அரியணை ஏறியது 985 என்று நாம் இன்று உறுதியாகச் சொல்வதற்கு அந்த நாளும் ஒரு சான்று. நிலவைச் சாட்சி வைத்தவர்களுக்காக நிலவு சாட்சி சொல்லியிருக்கிறது.

பொன்னை முதலாக வைத்தவர்களும் உண்டு. கழஞ்சுக் கணக்கில் பொன்னை ஊர்ச் சபையிடம் கொடுத்து, முதலைத் தொடாமல் பலிசையைக் கொண்டு விளக்கெரிக்கவும், அடியாரை ஊட்டவும், ஏரிக்குத் தூர் எடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். பலிசை என்பது வட்டி. இன்றைக்கு அறநிலையத் துறை வருவாய் இல்லாத கோயில்களுக்கு நடத்தும் ஒரு கால பூசைத் திட்டமும் இதே அமைப்புதான். கோயிலின் பெயரில் ஒரு தொகையை வைப்பு நிதியாக வைத்து, வட்டியைக் கொண்டு நாளுக்கு ஒரு வேளையாவது பூசை நடத்துகிறார்கள். அந்தத் தொகை 1 லட்சமாக இருந்து, போதாமற்போய், 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. எண்ணெய் விலை ஏறும், வட்டி விகிதம் இறங்கும், முதல் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆடு அப்படி இல்லை. விலைவாசி ஏறினால் கிடாவின் விலையும் ஏறும். மந்தை தானே குட்டி போட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதலும் உயிருள்ளதாக இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த அவர்களின் அறிவு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அண்மையில் என் பெரியப்பா மகன், எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு விளக்கு எண்ணெய்க் கட்டளை ஏற்படுத்த விரும்பி, கல்லில் பொறிக்க ஒரு வாசகம் எழுதித் தரச் சொன்னார். "என்றென்றும் ஒளிர அப்படின்னு ஆரம்பிச்சுக் கொடும்மா, நல்லா இருக்கும்" என்றார்.

"அண்ணா, எண்ணெய் எந்தக் காசுல வரும்?" என்று கேட்டேன்.

பேங்கில் போட்டு வைக்கலாம் என்றார். கோயிலை ஒட்டி இருக்கும் பங்கு நிலத்துத் தென்னைகளைக் கட்டளைக்கு விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடத்திலேயே கன்று வைக்க வேண்டும் என்பதையும், வைக்க வேண்டியவர் யார் என்பதையும், காய் வெட்டும் கூலி போக மிஞ்சுவதில் பராமரிப்பவருக்கு எவ்வளவு என்பதையும் கல்லிலேயே எழுதிவிட வேண்டும் என்றேன். அதையெல்லாமா கல்லில் போடுவார்கள் என்று அவர் தயங்கினார். திருவல்லத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். உழக்கு என்ற சொல்லை விரலால் தொட்டுப் படித்தார். திரும்பி வரும் வழியில், இரண்டாவது மரம் கிணற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதற்கு இந்த மழையிலேயே பக்கத்தில் கன்று வைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.